கடல் ஆலோசகர் நசுருதீன்

கோயம்புத்தூர் உக்கடத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் நசுருதீனை ஒரு நாள் கடல் ஆலோசகராக நியமித்தார்கள். அவரிடம் கேட்டு நியமிக்கவில்லை. நியமித்த பிறகு ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

நியமித்தது கொங்கு மண்டலக் கலைத் திரைப்படப் பேரவை. பேரவைக்கு ஒரு கொடி, ஒரு கீதம், அவிநாசி ரோட்டில் ஒரு குளிரூட்டப்பட்ட மண்டபம் எல்லாம் இருந்தன. திரைப்படம் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பது எப்படி என்பதைப் பற்றி வருடா வருடம் மாநாடு நடத்திவந்தார்கள். தலைவர் வெள்ளியங்கிரி பம்பு செட் கம்பெனி முதலாளி. செயலாளர் சீனிவாசலு நூல் மில்காரர். சட்ட திட்டங்களில் சீனிவாசலு மிகவும் கறாரானவர், ஏனென்றால் அவற்றை எழுதியவரே அவர்தான்.

சென்ற ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், "இந்த ஊர்க்காரர்களுக்கு மோட்டார் செய்யத் தெரியும், சாப்பாடு போடத் தெரியும்" என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து கலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று வெள்ளியங்கிரி காத்திருந்தார். விருந்தினர் அதற்குள் இளநீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். அந்தக் காயத்தில் பிறந்ததுதான் தீர்மானம். தமிழில் இருப்பதிலேயே பெரிய நாவல் ஒன்றைப் படமாக்குவது. எது பெரிய நாவல் என்று ஒரு பேராசிரியரிடம் போனில் கேட்டார்கள். அவர் 'ஒற்றைப் பாய்மரம்' என்றார். கைதட்டலுடன் தீர்மானம் நிறைவேறியது. அது கடலில் மீன் பிடிக்கிறவர்களின் கதை என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது.

"ஏனுங்க, நம்ம பக்கம் கடல் இல்லீங்களே," என்றார் ஓர் உறுப்பினர்.

"தீர்மானம் நிறைவேறிப்போச்சுங்க," என்றார் சீனிவாசலு. "நெறவேறுன தீர்மானத்தை வாபஸ் வாங்கறதுக்கு நம்ம விதியில எடமில்லீங்க. கடலைத்தான் ஏற்பாடு பண்ணோணும்."

அதற்காக ஒரு துணைக் குழு அமைந்தது. கோவை மாநகராட்சி எல்லைக்குள் கடலோடு தொடர்புள்ளவர் யார் என்று அந்தக் குழு விசாரித்தது. சரக்கு கடற்கரையிலிருந்து நேராக வந்து இறங்குவது நசுருதீன் கடைக்குத்தான் என்று கண்டுபிடித்தது.

நசுருதீன் கடலைப் பார்த்தது கல்யாணமான புதிதில், மனைவி ஆமினா பீவியோடு. அன்றைக்கும் செருப்பு நனைகிறது என்று இருவரும் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். கருவாட்டைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். அது மீனாக இருந்த காலத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இதை முதல் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார்.

"உங்க தன்னடக்கத்தைப் பேரவை மெச்சுதுங்க பாய்," என்றார் வெள்ளியங்கிரி.

அந்த மண்டபத்தில் மேடையில் நிறைய நாற்காலிகளும் கீழே கொஞ்சம் நாற்காலிகளும் கிடந்தன. உறுப்பினர் எல்லோருமே ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்ததால் எல்லோரும் மேடையில் உட்கார்ந்தார்கள். கீழே நசுருதீன் மட்டும் இருந்தார். பிறகு அவரையும் மேலே அழைத்துவிட்டார்கள். உள்ளூர் நெசவை ஆதரிக்கிற கொள்கைப்படி பேரவையில் பொன்னாடை கிடையாது, சென்னிமலை பெட்ஷீட்தான். இரட்டைக் கட்டிலுக்கான பெட்ஷீட்டை இரண்டு பேர் பிடித்து அவர் மேல் போர்த்தினார்கள். ஆள் உள்ளே போய்விட்டார். கைதட்டல் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆமினா பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணிங்க. எதுக்குக் குடுத்தாங்க?"

"கடலுக்கு."

"கடலுக்கு என்னங்க?"

"அதான் தெரியலை. ஒரு புஸ்தகமும் குடுத்திருக்காங்க."

புத்தகத்தை முதலில் படித்தது ஆமினாதான். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே புத்தகத்தைக் கணவனிடம் நீட்டினாள். அன்றைக்கு வீட்டில் மீன் ஆக்கவில்லை. நசுருதீனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. கடை கல்லாவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சூசை என்கிற ஒருவன், தம்பியைப் படிக்க வைப்பதற்காகப் புயல் எச்சரிக்கையை மதிக்காமல் கடலுக்குப் போகிறான். நாலாம் நாள் காலையில் அவன் படகு மட்டும் தானாகக் கரை வந்து சேர்கிறது. தம்பி ஓடிப்போய்ப் படகுக்குள் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று ஒரு வாடிக்கையாளர் நெத்திலி கேட்டு வெகுநேரம் நின்றிருந்தார்.

நாவலை எழுதிய கஸ்பார் உயிரோடு இருந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அனுமதி கேட்டு நசுருதீனையும் இயக்குநர் உதயையும் அனுப்பினார்கள். சூலூர்க்காரனான உதய் சென்னையில் நெடுங்காலம் உதவி இயக்குநராக இருந்துவிட்டுத் திரும்பியவன். முதல் படம். இதுவும் கைவிட்டுப் போனால் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தான்.

கஸ்பார் ஒல்லியான மனிதர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் மகளின் வீட்டில் இருந்தார். வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சினிமான்னா நாலு மாத்துவிய. எனக்குத் தெரியும். பாட்டு வையும், சண்டை வையும், பேரை மாத்தும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சூசையை மட்டும் கரைக்குக் கொண்டு வந்துராதியும்."

உதய் தலையாட்டினான். நசுருதீன், "ஏனுங்க?" என்று கேட்டார்.

"அவன் எங்க அண்ணன் வே. படகுக்குள்ள எட்டிப் பாத்தது நான்." கஸ்பார் உள்ளே சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு இவ கைப்புள்ள. வருவான் வருவான்னு இவ அம்மை வாசல்லயே இருந்து செத்தா. படத்துல அவன் சிரிச்சிக்கிட்டு வந்து இறங்குனா இவ என்ன நெனப்பா? அது மட்டும் வேண்டாம். சொல்லு தருவீரா?"

அவர் கேட்டது உதயைப் பார்த்தல்ல. நசுருதீனைப் பார்த்து. நசுருதீன் ஒரு கணம் யோசித்தார். கடையில் சொன்ன எடைக்கு ஒரு கைப்பிடி கூடப் போட்டுக் கொடுத்துப் பழக்கப்பட்டவர். "தந்தேனுங்க," என்றார்.

கதை விவாதம் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது. உதய் திரைக்கதையின் முதல் பக்கத்தை வாசித்தான். சூசை வலை வீசுகிறான், வலை நிறைய மீன் துள்ளுகிறது.

வெள்ளியங்கிரி கையைத் தூக்கினார். "மீன் கண்டிப்பா வேணுங்களா கண்ணு?"

உதய்க்குப் புரியவில்லை.

"இல்லீங்க, நான் சுத்த சைவம். எங்கம்மா படத்தைப் பாக்கோணும்னு ஆசையா இருக்குது. உசுரோட துள்ளுறதைக் காட்டுனா அது எந்திரிச்சுப் போயிரும். வலையை வீசட்டும். அது கலை. மீன் வேண்டாம்."

"சரிங்க சார்," என்றான் உதய். அவனுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

"மீன் இல்லாம எதுக்குங்க வலை?" என்று நசுருதீன் மெல்லக் கேட்டார்.

"நல்ல கேள்விங்க பாய்," என்றார் சீனிவாசலு. "பதிவு பண்ணிக்கறோம்."

பதிவு பண்ணினார்கள். மீன் போய்விட்டது. தொடர்ந்து, சூசை என்ற பெயர் நம் பக்கத்தில் புழக்கத்தில் இல்லை என்று கவின் ஆனது. புயல் எச்சரிக்கையை மீறிப் போவது இளைஞர்களுக்குத் தவறான வழிகாட்டுதல் என்பதால் புயல் நீக்கப்பட்டது. கலாச்சாரப் பிரிவுத் தலைவி ராசம்மாள், தம்பி வெறுமனே படித்தால் போதாது, இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்றார். அவருக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரி இருந்தது. எல்லோருக்கும் பெட்ஷீட் போர்த்தப்பட்டது.

கடலை நேரில் பார்த்து வரலாம் என்று பேரவை ஒரு ஏசி பஸ்ஸில் கிளம்பியது. சமையல்காரரையும் கூட்டிப் போனார்கள். கரையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வெள்ளியங்கிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். காடு கழனி காய்ந்து கிடக்கும் ஊரிலிருந்து வந்த மனிதர். அவர் முகத்தில் உண்மையாகவே வேதனை தெரிந்தது.

"இவ்வளவு தண்ணி சும்மா கெடக்குதுங்களே," என்றார்.

கரையோரமாக நாலடி நடந்து நின்றார்.

"ஒரு மோட்டார் வெச்சு இழுத்தா..."

"உப்புங்க," என்றார் சீனிவாசலு.

"அதானுங்க. அதைத்தான் யோசிச்சேன்." பெருமூச்சு விட்டார். "நம்ம மோட்டாரே ஒரு மாசம் தாங்காது. படத்துக்கும் இது ஆவாது உதய். ஆடிட்டே இருக்குது. ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குது. கேமராவுல என்ன தெரியும்?"

"சரிங்க சார்," என்றான் உதய்.

சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பயணத்தின் முடிவாக, கடல் சூலூர்க் குளத்துக்கு மாற்றப்பட்டது.

குளத்தில் சோதனைப் படப்பிடிப்பு நடந்தபோது நசுருதீனையும் அழைத்தார்கள். அவருக்கென்று குடை, நாற்காலி, 'கடல் ஆலோசகர்' என்று எழுதிய அட்டை எல்லாம் இருந்தன. பாய்மரப் படகைப் பெருந்துறையில் ஒரு பட்டறையில் இரும்பிலேயே அடித்திருந்தார்கள். பாய் காற்றில் புடைக்கவில்லை, ஏனென்றால் பாயும் தகரம். படகு நகர்வதற்கு வெள்ளியங்கிரி கம்பெனி மோட்டாரைப் பின்னால் பொருத்தியிருந்தார்கள். கம்பெனிப் பெயர் தகரப் பாயில் கரையிலிருந்தே வாசிக்கிற மாதிரி இருந்தது. கவின் வேடத்தில் நடித்தது ராசம்மாளின் அக்கா பையன். அவன் வலையை வீசினான். தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. வசனம் ஒன்றும் கேட்கவில்லை.

"கடல் மேல ஏரோப்ளேன் போகாதுங்களா பாய்?" என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"போகும்னு நெனைக்கிறேனுங்க."

"ஆலோசகரே சொல்லீட்டாரு. அதையும் சேத்திக்க கண்ணு."

குடைக்குக் கீழே வந்து உதய் மெதுவாகச் சொன்னான். "நீங்களாவது ஏதாவது சொல்லுங்க பாய். எனக்கு வாய் வர மாட்டீங்குது."

"நான் சொன்னா பெட்ஷீட் போத்தறாங்களே தம்பி."

கடைசிக் காட்சி பற்றிய கூட்டத்துக்கு நசுருதீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். உதய் வாசித்தான். படகு தனியாக வருகிறது. தம்பி எட்டிப் பார்க்கிறான்.

வெள்ளியங்கிரி எழுந்து மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த பேரவைக் குடும்பத்தாருங்களே. கலைக்கு நான் எதிரி இல்லீங்க. சாவு வேணும்னா இருக்கட்டும், வேற யாரையாச்சும் வெச்சுக்கலாம். ஆனா இந்தப் படகுல நம்ம மோட்டார் இருக்குதுங்க. மூணு வருஷம் கேரண்டி. நம்ம மோட்டார் போட்ட படகுல போனவன் ஊட்டுக்கு வந்து சேரலைன்னா, நாளைக்குத் தாராபுரத்துல இருக்கற டீலர் என்னைப் பாத்து என்ன கேப்பான்? கலை பெருசுங்களா, நம்பிக்கை பெருசுங்களா? நம்பிக்கைதானுங்க கலை. அதனால கவின் வந்தே ஆகோணும். ஒரு பாட்டோட வரட்டும்."

பலத்த கைதட்டல். நசுருதீன் எழுந்தார்.

"ஏனுங்க, அந்த வாத்தியார்கிட்ட நான் வாக்குக் குடுத்துபோட்டு வந்திருக்கேனுங்க. அது அவரு சொந்த அண்ணன். கதைக்காகச் செத்தவர் இல்லீங்க. நெசமாவே வராதவர். வந்தாருன்னு நம்ம காட்டக் கூடாதுங்க."

எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். ராசம்மாள் கண்ணைக்கூடத் துடைத்தார். சீனிவாசலு எழுந்து, "பாயோட உணர்வுபூர்வமான உரைக்குப் பேரவை நன்றி தெரிவிக்குதுங்க," என்றார். இரண்டு பேர் பெட்ஷீட்டோடு வந்தார்கள். அது விலகியபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. கவின் பாட்டோடு வருகிறான்.

அன்று நசுருதீன் சரியாகச் சாப்பிடவில்லை. பதவியை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். விட்டால் படம் நிற்காது. அந்த அண்ணன் மகள் ஒரு நாள் அதைப் பார்ப்பாள். இதை ஆமினாவிடம் சொன்னார்.

ஆமினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் படத்துல வாத்தியார் எழுதுனது இன்னும் என்னங்க மிச்சம் இருக்குது?"

நசுருதீன் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். கடல் போய்விட்டது. மீன் போய்விட்டது. சூசை, புயல், காற்று, சாவு எல்லாம் போய்விட்டன.

"வாத்தியார் பேரு மட்டும் இருக்குது," என்றார்.

"அப்ப அதையும் எடுத்துப்போடச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் நசுருதீன் தாமாகவே மைக்கைக் கேட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. தலைவரின் ஒவ்வொரு யோசனையையும் அடுக்கினார். மீன் இல்லாத வலை தலைவர் சொன்னது. விமானம் தலைவர் சொன்னது. மோட்டார் தலைவருடையது. பாட்டோடு திரும்பி வருவது தலைவர் சொன்னது. "இவ்வளவும் தலைவர் செஞ்சுபோட்டு, கதைன்னு வேற ஒருத்தர் பேரைப் போடறது நாயமுங்களா? இது தலைவர் கதைங்க. எனக்கு மனசு கேக்கலைங்க."

யாரும் இதுவரை யோசிக்காத விஷயம். யோசித்த பிறகு, ஏன் யோசிக்காமல் விட்டோம் என்று எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. வெள்ளியங்கிரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"நான் எழுத்தாளன்னு என்னைக்குமே வெளிய சொல்லிக்கிட்டதில்லீங்க," என்றார். "நீங்களா கண்டுபிடிச்சிட்டீங்க."

சீனிவாசலு உடனே விதியைப் புரட்டினார். தீர்மானத்தை வாபஸ் வாங்க இடமில்லை, ஆனால் பெரிய நாவல் என்று மட்டுமே தீர்மானத்தின் முதல் பத்தியில் இருக்கிறது, தலைவர் எழுதப்போவதும் பெரிய நாவலாகவே கருதப்படும் என்று விளக்கம் கொடுத்தார். நாவலைத் தலைவர் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். கஸ்பாரின் கதை அவருக்கே மரியாதையுடன் திருப்பித் தரப்படும்.

சொந்தக் கதை என்று ஆன பிறகு வெள்ளியங்கிரிக்குக் கடல் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "என் கதையில எதுக்குங்க குளம்?" என்றார். கதை அவருடைய தோட்டத்துக்கு மாறியது. கவின் விவசாயி ஆனான். வறண்ட பூமியில் போர் போடுகிறான், ஊரே சிரிக்கிறது, கடைசியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, எல்லோரும் நனைந்துகொண்டே ஆடுகிறார்கள். உதய்க்கு முதன்முறையாக முகம் தெளிந்தது. அவன் அப்பா போர் போட்டே நொடித்தவர். அந்தக் காட்சிகளை அவன் யாரிடமும் சரிங்க சார் சொல்லாமல் எடுத்தான்.

'ஆயிரம் அடிக்குக் கீழே' வெளியானது. கம்பெனி ஆட்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் பஸ் வைத்துக் கூட்டிவந்து காட்டினார்கள். பிறகு யாரும் கூட்டிவராமலே கொஞ்சம் பேர் வந்தார்கள். விழா எடுத்த பேரவை, ஏற்கெனவே அச்சடித்துவிட்ட பேனர் வீணாகக் கூடாதென்று படத்துக்குச் சிறந்த கடல்சார் திரைப்படம் என்ற விருதை வழங்கியது. விருதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் வெள்ளியங்கிரி. மேடையில் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கஸ்பாரிடம் இதையெல்லாம் போனில் சொல்ல நசுருதீனுக்கு மனம் வரவில்லை. சரக்கு பார்க்கிற சாக்கில் ஆமினாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போனார். கஸ்பார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும் வே, கடல் ஆலோசகரே," என்றார்.

நசுருதீன் திடுக்கிட்டார். படத்தின் தொடக்கத்தில் கடல் ஆலோசகர் என்று போட்டிருந்த அவர் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அண்ணன் மகள் போனில் படம் காட்டியிருக்கிறாள்.

"உம்ம பேரைப் பாத்துட்டு கடைசி மட்டும் இருந்தேன். இப்ப கடல் வரும், இப்ப கடல் வரும்னு. வரலை."

"எங்களால கொண்டு வர முடியலைங்க. உங்க கதையை அவங்க எடுக்கவே இல்லீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப எங்க அண்ணன்?"

"அவரு அந்தப் படத்துல எங்கயும் வரலைங்க."

கஸ்பார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமினா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"நல்லது," என்றார் கஸ்பார். பிறகு, "அந்தப் பையன் போர் போட்டான்லா, அது மனசுக்கு நெறைவா இருந்துச்சு வே. எவ்வளவு தண்ணி. நெசமாவே அங்க அப்படி வருதா?"

"இல்லீங்க. அங்க ஒரு சொட்டு வரலைங்க. நாலு லாரியில கொண்டாந்து அடியில இருந்து நம்ம தலைவர் மோட்டார் வெச்சு அடிச்சாங்க."

கஸ்பார் அவரைப் பார்த்தார். தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. உள்ளே அடுப்பு வேலையாக இருந்த அண்ணன் மகள், சித்தப்பாவை யார் இப்படிச் சிரிக்க வைத்தது என்று பார்க்க, ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.